குறுக்கே போட்ட பிளான்

அத்தியாயம் 7

ஊர்க்காவலன் வேனின் கண்ணாடியை ஏற்றி முடிப்பதற்குள் முதல் பிடி மண் வந்து அவன் மடியில் விழுந்தது.

"நாசமாப் போவீக! கொலகாரன் பொண்டாட்டிய வண்டில வச்சு ஊர்கோலமா கூட்டிட்டு வாறீக!"

மண்ணை வாரித் தூற்றியவள் அய்யம்மாள். மூன்று வாரத்துக்கு முன்னால் அச்சங்குளத்தில், ஆவுடை பயர் ஒர்க்ஸில் மருந்து கலக்கும் ஷெட் வெடித்து மூன்று பெண்கள் செத்தார்கள். அதில் சின்னத்தாய் இவளுடைய ஒரே மகள். அன்றிலிருந்து அய்யம்மாள் தன் ஊர்ச்சனத்தோடு சிவகாசியில் இருக்கும் கம்பெனி ஆபீஸ் வாசலில்தான் கிடக்கிறாள். முதலாளி காசிராஜன் மேல் அவளுக்குக் கோபம் கிடையாது. கோபமெல்லாம் போர்மேன் பாண்டிராஜ் மேல். தீபாவளி சீசன் ஆர்டரை முடிக்கிற அவசரத்தில், வெடிகளைக் காயப்போடும் தரையை ஒட்டி, விதியை மீறி, முதலாளிக்கே தெரியாமல் அந்த ஷெட்டைக் கட்டியவன் அவன்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார். முதலாளி சொன்னால் அச்சங்குளத்தில் அது சத்தியம்.

பாண்டிராஜின் மனைவி சண்முகத்தாய் வேனின் பின்சீட்டில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மண் விழுகிற சத்தத்துக்கு இப்போதெல்லாம் அவள் அசைவதில்லை. ஊரில் அவளுக்குக் குழாயடியில் ஒரு குடம் தண்ணீர் பிடிக்க விடுவதில்லை.

"மேடம், இந்த வேனக் களுவி ஒரு வருசம் ஆச்சு. இன்னைக்கு மண்ணுலயே குளிப்பாட்டிட்டாக" என்றான் ஊர்க்காவலன்.

இசைவாணி சிரிக்கவில்லை. அவள் சிரித்து ஊர்க்காவலன் பார்த்ததே குறைவு. தீ விபத்து நடந்த இடங்களை இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் சோதித்துக்கொண்டிருந்தவள், மேலதிகாரியோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்து, விருதுநகரில் எண்ணெய்க் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். புருஷனைக் காப்பாற்றச் சொல்லி சண்முகத்தாய் வந்து நின்றது அங்கேதான். ஊர்க்காவலன் லாரி புக்கிங் ஆபீஸில் இருந்து வந்தவன். வயதில் மூத்தவன் என்பதால் அவள் அவனை அண்ணே என்பாள். சம்பளம் தருகிறவள் என்பதால் அவன் அவளை மேடம் என்பான். சம்பளம் மாதாமாதம் வராது. மேடம் மட்டும் தவறாமல் வரும்.

"அக்கா" என்றாள் சண்முகத்தாய். "சாயங்காலம் அவுகள ஆஸ்பத்திரிலருந்து மதுர ஜெயிலுக்குக் கொண்டு போறாகளாம். கையெல்லாம் வெந்து கெடக்கு. அதுலயும் கட்டிலோட சேத்து விலங்கு மாட்டிருக்காக. ஒருதரம் ஜெயிலுக்குப் போயிட்டா, அம்புட்டுப் பேரும் முடிவே பண்ணிருவாக. எம்பிள்ளைகள எந்தப் பள்ளிக்கூடத்துல சேப்பாக?"

"சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருக்கு. நீ வண்டியிலயே இரு, எறங்காத" என்று சொல்லிவிட்டு இசைவாணி இறங்கினாள். இரண்டாவது பிடி மண் அவள் முதுகில் விழுந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே நடந்தாள்.

காசிராஜனின் ஆபீஸ் அவருடைய பிரஸ்ஸுக்கு மாடியில் இருந்தது. வெடிக்கு வெடி, அதற்கு லேபிள் அடிக்க பிரஸ், எல்லாம் ஒரே குடும்பம். மனிதர் சிக்கனத்தில் எமன். நான்கு மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றும், அதுவும் அவர் தலைக்கு மேல். வருகிறவர்கள் பெயர் எழுதிக்கொடுக்கும் சீட்டு, வீணாய்ப் போன காலண்டரின் முதுகு. ஊர்க்காவலன் தன் பெயரை மகாலட்சுமியின் பாதத்துக்குப் பின்னால் எழுத வேண்டியிருந்தது.

"ரெண்டு நிமிசம். பாத்துட்டுக் கெளம்பிரணும்" என்றார் காசிராஜன். உட்காரச் சொல்லவில்லை. எதிரே சப்-இன்ஸ்பெக்டர் சோணைமுத்து காலை நீட்டிக்கொண்டு பாட்டிலில் கலர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு மட்டும் நாற்காலி இருந்தது.

"நாந்தான் அண்ணாச்சிகிட்டச் சொன்னேன், காட்டிட்டு அனுப்புங்கன்னு" என்றார் அவர். "இல்லாட்டி இந்தம்மா கோர்ட்டுல போயி, போலீசு ஒண்ணுமே காட்டலன்னு மூக்கச் சிந்தும்."

"நான் சிந்துனா கர்ச்சீப்பு நான்தான் கொண்டு வருவேன் சார். உங்களுக்குச் செலவு இல்ல" என்றாள் இசைவாணி.

மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அந்தப் பிளான் விரிந்து கிடந்தது. அகலமான தாள், மேஜையை முக்கால்வாசி மூடியிருந்தது. 2003-ல் தொழிற்சாலையைப் பெரிதாக்கியபோது போட்ட பிளான். அப்போது இரண்டு பிரதி எடுத்தார்கள். ஒன்று பாண்டிராஜின் அறைச் சுவரில் தொங்கியது; வெடித்த அன்று அறையோடு எரிந்துபோனது. இன்னொன்று இது. அந்த ஷெட் பிளானிலேயே இருந்தது, அதைப் பார்த்துத்தான் கட்டினேன் என்று பாண்டிராஜ் கட்டிலில் கிடந்தபடி சத்தியம் செய்கிறான். ஆனால் இந்தத் தாளில் ஷெட் இருக்க வேண்டிய இடத்தில் கொட்டை எழுத்தில் 'காலி இடம்' என்று போட்டிருந்தது. மூலையில் 2003 தேதியும் காசிராஜனின் கையெழுத்தும்.

ஊர்க்காவலன் குனிந்து அதை இன்னொருமுறை படித்தான். பாண்டிராஜ் ஒருவேளை பொய்தான் சொல்கிறானோ?

"அண்ணாச்சி, இது அப்ப எடுத்த அதே தாள்தானா? இல்ல, பிற்பாடு போட்ட காப்பியா?" என்று கேட்டாள் இசைவாணி.

"அதே தாளு. நாலு வருசமா இந்தக் கண்ணாடிக்கு அடியிலருந்து அசைஞ்சது கெடையாது. எஸ்.ஐ.கிட்ட எளுதியும் குடுத்துட்டேன்."

சோணைமுத்து பாட்டிலை வாயிலிருந்து எடுக்காமலே தலையாட்டினார்.

"கண்ணாடியத் தூக்கிப் பாக்கணும்."

"எதுக்கு?"

"தூக்கட்டும் அண்ணாச்சி. பாத்துட்டு ஒழியட்டும்" என்றார் சோணைமுத்து.

ஊர்க்காவலனும் இசைவாணியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக் கண்ணாடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார்கள். அழுத்தம் போனதும் பிளான் துள்ளியது. நீளமான இரண்டு விளிம்புகளும் எழும்பி, ஒன்றை நோக்கி ஒன்று சுருண்டு, நெடுநெடுவென்று ஒரு குழாயாகி மேஜையிலிருந்து உருண்டது. ஊர்க்காவலன் தாவிப் பிடித்தான்.

"நாலு வருசம் படுத்துக் கெடந்தும் முதுகு நிமிரல மேடம். எங்க மாமனாரு தேவலை."

இசைவாணி அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவள் கண் பீரோவுக்கு மேலே போனது. அங்கே பழைய பிளான்கள் ஒரு கட்டாகக் கிடந்தன. எல்லாம் குட்டையாக, தடியாகச் சுருண்டிருந்தன.

"அண்ணே, அதுல 2003 போட்டது ஒண்ணு எடுங்க."

தூசியைத் தும்மிக்கொண்டே ஊர்க்காவலன் ஒன்றை எடுத்துக் கயிற்றை அவிழ்த்தான். குடோன் பிளான். விரித்துப் பிடித்தார்கள். முதலாளியின் பிளானும் இதுவும் ஒரே அளவு. கையை விட்டதும் இது குட்டைப் பக்கங்களிலிருந்து உள்ளே சுருண்டு, பழையபடி குட்டைக் குழாய் ஆனது.

"ரெண்டும் ஒரே அளவுதானே அண்ணாச்சி?"

"கண்ணு அவிஞ்சா போச்சு? எல்லாமே ஏ-ஒன் சைசு. ரெண்டு நிமிசம் ஆச்சு. எறங்குங்க."

"எறங்குறோம். பிளான் போடுற மிஷினையும் பாத்துட்டுப் போயிடுறோம். கோர்ட்டுக்கு இதுல ஒரு காப்பி வேணும்."

காப்பி என்றதும் காசிராஜன் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை ஊர்க்காவலன் கவனித்தான். எத்தனை காப்பி வேண்டுமானாலும் எடுத்துக்கொள், எல்லாவற்றிலும் காலி இடம்தான் இருக்கும் என்கிற நிம்மதி. எரிச்சலாக வந்தது அவனுக்கு.

கீழே, பிரஸ்ஸின் பின்கட்டில் குளிர்சாதன அறை. சிக்கன முதலாளி மனிதர்களுக்கு ஒரு மின்விசிறி வைத்துவிட்டு மிஷினுக்கு ஏ.சி. போட்டிருந்தார். அதைக் காவல் காப்பவர் மாதிரி வாசலிலேயே நின்றார் வரைபடக்காரர் சீனிவாசகம். இஸ்திரி கலையாத சட்டை, எதைப் பார்த்தாலும் குற்றம் கண்டுபிடிக்கும் மூக்கு.

"செருப்ப வெளிய விடுங்க. எதையும் தொடாதீங்க. மூச்ச மெதுவா விடுங்க, மை காயுற எடம்."

"விடாமலே இருந்துரட்டுமா சார்?" என்றான் ஊர்க்காவலன்.

உள்ளே, சுருள் தாளில் பிளான் அச்சடிக்கும் இரண்டு பிளாட்டர்கள். மூலையில் சின்னது ஒன்று, பழைய பேனர் துணியால் போர்த்தப்பட்டு அனாதையாகக் கிடந்தது. நடுவில் பெரியது, நெற்றியில் சந்தனம் குங்குமத்தோடு. அதன் விலாவில் மஞ்சள் பெயின்ட்டில் 'ஆயுத பூஜை 2006' என்று எழுதியிருந்தது.

"பாத்தீகளா மேடம், மிஷினுக்குப் பொறந்தநாள் எளுதி வச்சிருக்காக. எங்க வீட்ல எனக்கே யாரும் எளுதி வைக்கல."

"அது அன்னைக்குத்தான் எறங்குச்சு" என்றார் சீனிவாசகம் வெறுப்போடு. "அதுக்கு முந்தி இந்தச் சின்னது மட்டுந்தான். இப்ப செத்துப் போச்சு."

"அப்ப 2003 பிளான்?"

"இருந்ததே ஒண்ணுதானய்யா. அதுலதான் போட்டுருக்க முடியும். கேக்கான் பாரு கேள்வி!"

இசைவாணி சின்ன மிஷினின் துணியை விலக்கி, அதன் வாயைச் சாண் போட்டு அளந்தாள். பிறகு பெரியதன் வாயையும் அளந்தாள். அதற்குள் காசிராஜனும் சோணைமுத்தும் படியிறங்கி வந்துவிட்டார்கள். சோணைமுத்துவின் கையில் கலர் பாட்டில் இன்னும் இருந்தது. காசிராஜன் கையில் அந்த நெட்டைக் குழாய். அதை இவர்களை நம்பி மாடியில் விட்டுவர அவருக்கு மனசில்லை.

"அந்தக் காப்பியப் போட்டுக் குடுத்துத் தொலைலே" என்றார் காசிராஜன்.

சீனிவாசகம் கம்ப்யூட்டரில் பிளானைத் திறந்தார். ஊர்க்காவலன் இசைவாணியின் காதருகே குனிந்தான். "மேடம், அந்தப் பொட்டியிலயே என்னைக்குப் போட்டதுன்னு தேதி இருக்குமே?"

"அது நாம சொல்லிக் குடுக்குற தேதியச் சொல்லும் அண்ணே" என்று முணுமுணுத்தவள், குரலை உயர்த்தினாள். "சீனிவாசகம் சார், நீளவாக்குல விடுங்க."

சீனிவாசகத்தின் கை அப்படியே நின்றது. திரும்பி முதலில் இசைவாணியைப் பார்த்தார், பிறகு முதலாளியை.

"நீளவாக்குலயா?"

"ஆமா. சின்ன மிஷின்ல எப்படி விடுவீங்களோ அப்படி."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு பட்டனை மாற்றினார். பெரிய மிஷின் முனகியது. மை தெளிக்கும் தலை இடமும் வலமும் ஓட, தாள் மெல்ல மெல்ல வெளியே வந்தது. அகலமான ரோல், அதில் பிளான் ஒரு ஓரமாக ஒண்டிக்கொண்டு இறங்கியது. மறு ஓரத்தில் ஒரு அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக வெறும் வெள்ளைத் தாள், ஒரு கோடுகூட இல்லாமல் இறங்கிக்கொண்டே இருந்தது. இறங்கிக்கொண்டே இருந்தது.

காசிராஜன் அதைப் பார்த்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

"ஏலே! நிப்பாட்டுலே! கண்ணு இருக்கா ஒனக்கு? ஒரு ஓரம் பூரா வெள்ளையாப் போகுது, அங்கன நீளம் வேற ஓடுது! யாரு அப்பன் வீட்டுப் பேப்பரு? குறுக்கத் திருப்பிப் போடு, ஒரு சாண் மிச்சமாகும்னு எத்தன தடவ சொல்றது? அன்னைக்கும் இதே பிளானுக்கு இதே கூத்துதான! நான் வந்து நிக்கலைன்னா அன்னைக்கும் நீளமாத்தான விட்டுருப்ப!"

சீனிவாசகம் மிஷினை நிறுத்தினார்.

"என்னைக்கு அண்ணாச்சி?" என்றாள் இசைவாணி.

காசிராஜன் குழாயைக் கைமாற்றிப் பிடித்தார். சோணைமுத்து பாட்டிலைக் கீழே இறக்கினார்.

"அது... 2003-லதான். பிளான் போட்டப்ப" என்றார் காசிராஜன்.

"2003-ல இந்தப் பெரிய மிஷின் கிடையாது. சின்னதுதான். அதோட ரோல் இருபத்துநாலு இஞ்ச். ஏ-ஒன் தாளோட குட்டைப் பக்கம் மட்டுந்தான் அதுக்குள்ள அடங்கும். அதனால நீளவாக்குல விட்டே ஆகணும். குறுக்கே திருப்பினா, தொழிற்சாலைல பாதி தாளுக்கு வெளிய போயிடும். இந்தப் பெரிய மிஷின்ல முப்பத்தாறு இஞ்ச். இதுலதான் குறுக்கே திருப்ப முடியும், பேப்பர் மிச்சமாகும். நீங்க திருப்பச் சொன்னது இந்த மிஷின்ல."

"ஏம்மா, வாய் தவறி ஒரு வார்த்தை வந்துட்டா..." என்று தொடங்கினார் சோணைமுத்து.

"வாயை விடுங்க சார். அந்தத் தாளக் கேளுங்க." இசைவாணி காசிராஜன் கையிலிருந்த குழாயைச் சுட்டினாள். "கடையில நாளெல்லாம் சுருட்டி வச்ச கோரைப்பாயை வீட்ல கொண்டாந்து விரிங்க. எந்தப் பக்கமாச் சுருட்டினாங்களோ அந்தப் பக்கமாத்தான் திரும்பச் சுருளும். ரோல் பேப்பரும் அப்படித்தான். சின்ன மிஷின்ல நீளமா வந்த தாள் குட்டைக் குழாயாச் சுருளும். மேல பீரோவுல இருக்கிற 2003 பிளான் எல்லாமே குட்டைக் குழாய். அண்ணாச்சி கையில இருக்கறது மட்டும் நெட்டை. அது இந்தப் பெரிய ரோல்ல குறுக்கே போட்டது. இந்த மிஷின் வந்தது 2006. அதுல 2003 கையெழுத்து எப்படி சார் வரும்?"

ஊர்க்காவலனுக்கு உச்சி சிலிர்த்தது. இரண்டு குழாயையும் கையில் பிடித்தவன் அவன்தான். மாமனாரைப் பற்றி ஜோக் அடித்துவிட்டு விட்டுவிட்டானே!

சோணைமுத்து முதலாளியிடமிருந்து பிளானை வாங்கினார். பிடுங்கினார் என்றும் சொல்லலாம். மேஜையில் விரித்துக் கையை விட்டார். நெட்டையாகச் சுருண்டது. இன்னொரு தடவை விரித்தார். சொல்லிவைத்த மாதிரி அதே பக்கம்தான் சுருண்டது.

காசிராஜன் சட்டென்று கையை நீட்டி சீனிவாசகத்தைக் காட்டினார். "எல்லாம் இவன் பண்ண வேலை! எனக்கு என்ன தெரியும்? கையெளுத்துப் போடுங்கன்னான், போட்டேன். பாண்டிராஜும் இவனும் கூட்டாளிக!"

ஊர்க்காவலன் அவரையே பார்த்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் பாண்டிராஜைக் காட்டியதும் இதே கை, இதே வேகம்தான் என்று அவனுக்குத் தோன்றியது. ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது. அடக்கிக்கொண்டான்.

சீனிவாசகம் எழுந்தார். அவருடைய முகம் அழுகைக்கும் ஆத்திரத்துக்கும் நடுவில் நின்றது.

"பாண்டிராஜுக்குப் போட்ட கயித்த எனக்கும் போடுறீகளா மொதலாளி? ஷெட்டு பிளான்ல இருந்துச்சு. காயப்போடுற தரைய ஒட்டிப் போட்டா எடம் மிச்சம்னு அங்கன வரையச் சொன்னது நீங்க. வெடிச்ச மறுநாளு, அத அழிச்சிட்டுக் காலி இடம்னு போடச் சொன்னதும் நீங்க. நான் சரியாத்தான் போட்டேன்! பளசு மாதிரியே இருக்கணும்னு நீளவாக்குலதான் விட்டேன். ஒரு ஆளு கண்டுபிடிக்க முடியாது! பாதியில நிப்பாட்டி, பேப்பர் பேப்பர்னு குதிச்சு, குறுக்கத் திருப்ப வச்சுக் கெடுத்தது யாரு? நீங்க! ஒரு சாண் பேப்பருக்காக!"

திருட்டு வெளிப்பட்டதைவிடத் தன் வேலை கெட்டுப்போனதுதான் அந்த மனிதருக்கு வலித்தது.

"பெருமைப்பட்டுக்காதீங்க சார்" என்றாள் இசைவாணி. அவள் குரல் பிசிறில்லாமல் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "வெந்த கையில விலங்கோட ஒருத்தர் கெடக்கிறார். நீங்க மூணு வாரமா மிஷினுக்குப் பொட்டு வச்சிட்டு இருந்தீங்க. இப்பச் சொன்னத அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நீளவாக்குலயோ குறுக்கவோ, உங்க இஷ்டம்."

சோணைமுத்து அவளை முறைத்தார். இவள் ஜெயித்ததை அவரால் பொறுக்க முடியவில்லை. ஆனால் கேட்ட காதை இனிமேல் கழற்றி வைக்க முடியாது. செல்போனை எடுத்தார்.

"ஏலே, ஆஸ்பத்திரில டூட்டி யாருலே? பாண்டிராஜ் கை விலங்க அவுத்துவிடு... ஜெயிலு கெடையாது... ஏன்னு கேக்காதலே, அவுருன்னா அவுரு!" போனை மடக்கிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு இசைவாணியிடம் திரும்பினார். "நீ போலீசு வேலையில தலையிட்டது தப்புத்தாம்மா. அத மறந்துராத."

"மறக்க மாட்டேன் சார்."

சாட்சியப் பொருளாகப் பிளானை எடுத்துப் போக, சோணைமுத்து சுவரோரம் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் குழாய்களில் ஒன்றை எடுத்து அதற்குள் செருகினார். மூடி போட முடியவில்லை. ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அதுல அடங்காது சார்" என்றான் ஊர்க்காவலன் பணிவாக. "அது 2003 தாளுக்கு வாங்கின குழாய்."

வெளியே வெயில் ஏறியிருந்தது. இசைவாணி நேராக அய்யம்மாளிடம் போனாள். ஊர்க்காவலன் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றான்.

"அந்த ஷெட்ட அங்க கட்டச் சொன்னது பாண்டிராஜ் இல்லம்மா. உங்க மொதலாளி. பிளான்ல அவருதான் போடச் சொல்லிருக்காரு. உங்க மக செத்த மறுநாள் அத அழிச்சிருக்காரு. உள்ள எஸ்.ஐ. முன்னாடி எல்லாம் வெளிய வந்திருச்சு."

அய்யம்மாள் நம்பவில்லை. அவள் முகம் அப்படியே இறுகிக் கிடந்தது. அப்போது கதவு திறந்து சோணைமுத்து வந்தார். அவருக்குப் பின்னால் காசிராஜன், தலைக்கு மேல் விசிறி இல்லாமல், வியர்த்து வழிந்துகொண்டு. முதலாளி அவளைப் பார்த்தார். அவள் வாசலில் கிடந்த மூன்று வாரமும் அவளை நேருக்கு நேர் பார்த்து "பாண்டிராஜ்தான்" என்று சொன்னவர், இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவளுக்கு அது போதும்.

குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள். ஊர்க்காவலன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். மண் அவன் மேல் விழவில்லை. திறந்து பார்த்தபோது காசிராஜனின் வெள்ளைச் சட்டையில் புழுதி வழிந்துகொண்டிருந்தது.

"எம்மகள அள்ளக்கூட முடியலையேடா பாவி! நீ வெளங்குவியா?"

யாரும் அவளைத் தடுக்கவில்லை. சோணைமுத்துகூட ஓரமாக ஒதுங்கி நின்றார்.

வேனின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இறங்காதே என்று சொல்லிவிட்டு வந்ததை மீறி சண்முகத்தாய் இறங்கி வந்தாள். ஊர்ச்சனம் விலகி வழி விட்டது. அவள் அய்யம்மாளின் பக்கத்தில் போய் நின்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

சண்முகத்தாயும் குனிந்து மண்ணை அள்ளினாள்.